கார் நல்லா மூச்சு விட்டால் மைலேஜ் கூடுமா?

என் மச்சான் போன வருடம் தன்னுடைய 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்கு ஒரு கோன் ஃபில்டர் மாட்டினார். சிவப்புத் துணியில் கூம்பு மாதிரி ஒன்று, அதோடு பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய். கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: கம்பெனியில் வந்த ஃபில்டர் இன்ஜினின் கழுத்தை நெரிக்கிறது சார், இதைப் போட்டால் வண்டி நல்லா மூச்சு விடும், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும். மாட்டிய அன்று ராத்திரியே போன் வந்தது. “மாப்ள, பிக்கப் பின்னுது.” மைலேஜ் எப்படி என்றேன். “அது செட் ஆகணும்டா, ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்.” ஆயிரம் ஓடியது, ஐந்தாயிரமும் ஓடியது, செட் ஆகவே இல்லை.

அவரைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. கடைக்காரர் சொன்னதைக் கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் தோன்றும். அடைத்த மூக்கோடு ஓடினால் சீக்கிரம் களைக்கும், மூக்கைத் திறந்துவிட்டால் அதே சோற்றுக்கு இன்னும் கொஞ்ச தூரம் ஓடலாம் என்று நம் உடம்பை வைத்துக் கணக்குப் போடுகிறோம். பெட்ரோல் இன்ஜின் இந்தக் கணக்கில் வராது. ஏன் வராது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய எவ்வளவு காற்று வேண்டும்? எத்தனால் கலக்காத பெட்ரோல் என்றால் எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 740 கிராம், அதற்குத் தேவையான காற்று 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கன அளவில் சொன்னால் 9,000 லிட்டருக்கு மேல். மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியில் ஒன்பது தொட்டி நிறையக் காற்று, ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு. இவ்வளவையும் ஒரு காகித ஃபில்டர் வழியாக இழுக்கிறது என்று கேட்டதும் “அப்போ ஃபில்டர் பெரிய தடைதானே” என்று தோன்றும். தோன்றட்டும், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்றுதான் நாம் பேசுகிறோம். உண்மையில் நம் கால் திறப்பது காற்றின் கதவை. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே த்ராட்டில் பாடி என்று ஒன்று இருக்கிறது. உள்ளே வட்டமான ஒரு தகடு, அது திரும்பினால் வழி திறக்கும், மூடினால் அடைபடும். உள்ளே போகிற காற்றைக் கணக்குப் பார்த்து அதற்கு ஏற்ற பெட்ரோலை இசியு என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் தெளிக்கிறது, அவ்வளவுதான். அதாவது ஹைவேயில் ஒரே சீராக 80ல் போகும்போது இன்ஜினின் கழுத்தை நெரிப்பது நீங்களேதான். நெரிக்காவிட்டால் வண்டி 80ல் நிற்காது, 150ஐப் பார்க்கப் போய்விடும்.

எந்த அளவுக்கு நெரிக்கிறோம்? வெளியே காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். சின்ன பெட்ரோல் கார் ஐந்தாவது கியரில் நிதானமாக ஓடும்போது த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டில், 40 முதல் 50 கிலோபாஸ்கல் இருக்கும். பாதிக்கு மேல் அழுத்தத்தை அந்தத் தகடே விழுங்கிவிடுகிறது. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் அந்த அரை வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டும். இதற்குத்தான் பம்பிங் லாஸ் என்று பெயர், பெட்ரோல் இன்ஜின் குறைந்த சுமையில் வீணடிக்கிற சக்தியில் இது ஒரு பெரிய பங்கு.

இப்போது ஃபில்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தருகிற கார் 80 கி.மீ. வேகத்தில் போனால் மணிக்கு நான்கு லிட்டர் பெட்ரோல் செலவாகும், மேலே சொன்ன கணக்குப்படி நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 லிட்டர் காற்று. அதே 1.2 லிட்டர் இன்ஜினை 6,000 ஆர்பிஎம்மில் முழு த்ராட்டிலில் முறுக்கினால் நிமிடத்துக்கு 3,600 லிட்டர் வரை இழுக்கும். முழு முறுக்கில், கம்பெனி இன்டேக்கில், அதாவது காற்று உள்ளே போகிற பாதையில், ஃபில்டர், பெட்டி, குழாய் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று கிலோபாஸ்கல் இழப்பைத் தருவது சாதாரணம். குழாய்களில் ஏற்படும் இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தோடு குறையும், காகிதத்தில் ஏற்படுவது ஓட்டத்தின் விகிதத்தில் மட்டும் குறையும். கடைக்காரருக்குச் சாதகமாகவே எல்லாவற்றையும் காகிதக் கணக்கிலேயே வைத்துக்கொள்வோம். ஓட்டம் ஆறில் ஒன்று, இழப்பும் ஆறில் ஒன்று, அரை கிலோபாஸ்கலைத் தாண்டாது. நம் கால் உண்டாக்கும் தடை 50 கிலோபாஸ்கலுக்கு மேல், ஃபில்டர் உண்டாக்குவது அரை. ஃபில்டரையே கழற்றி வீசினாலும் மிச்சமாவது நூற்றில் ஒரு பங்கு தடைதான்.

அந்த ஒரு பங்காவது மிச்சம்தானே என்றால், அதுவும் கிடையாது. தொட்டியிலிருந்து வருகிற ஒரு இஞ்ச் பைப்பை எடுத்துவிட்டு ஒன்றரை இஞ்ச் பைப் போட்டீர்கள் என்று வையுங்கள். பாத்திரம் கழுவும்போது குழாயை எப்போதும் கால்வாசிதானே திறப்பீர்கள்? தண்ணீர் கொஞ்சம் வேகமாக வந்தால் கை தானாகக் குழாயை ஒரு சிட்டிகை மூடும். செலவாகிற தண்ணீர் அதேதான். காரிலும் அப்படியே: ஃபில்டரில் தடை குறைந்தால் அதே 80ல் போக உங்கள் கால் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாக மூடிவைக்கும், மேனிஃபோல்டில் அதே 45 கிலோபாஸ்கல், பிஸ்டன் இழுக்கிற வேலையில் மாற்றம் இல்லை. தடை இடம் மாறியது, குறையவில்லை.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. அதுவரை அந்த நாட்டு அரசே, அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றினால் 10 சதவீதம் வரை மைலேஜ் கூடும் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள நவீன கார்களை எடுத்து, ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். எரிபொருள் செலவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. மாறியது வேறு: புது ஃபில்டர் போட்டால் வண்டியை முடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. அதற்கப்புறம் அரசின் ஆலோசனையும் மாறியது. கவனியுங்கள், இது அழுக்கேறி அடைத்த ஃபில்டருக்கும் சுத்தமான ஃபில்டருக்கும் நடுவே உள்ள கதை. அதிலேயே மைலேஜ் அசையவில்லை என்றால், சுத்தமான ஒரு ஃபில்டரை எடுத்துவிட்டு இன்னொரு சுத்தமான ஃபில்டரை மாட்டுவதால் என்ன அசையப் போகிறது?

அடைத்தும் ஏன் அசையவில்லை என்றால், சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சர். எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும், இசியு அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும் குறைக்கும். காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும், விகிதம் மாறாது.

அப்படியென்றால் “ஏர் ஃபில்டர் அடைச்சா பெட்ரோல் குடிக்கும்” என்று பழைய மெக்கானிக்குகள் சொன்னது பொய்யா? பொய் இல்லை. அவர்கள் கார்ப்பரேட்டர் காலத்து ஆட்கள். கார்ப்பரேட்டரில் இசியு கிடையாது, சென்சர் கிடையாது. காற்று குறுகிய கழுத்து வழியாக வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் இறங்கி, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஜெட் வழியாக உறிஞ்சப்படும். ஃபில்டர் அடைத்தால் அந்தக் கழுத்தில் அழுத்தம் இன்னும் இறங்கும். கிண்ணம் வெளிக்காற்றைப் பார்த்துத் திறந்திருந்தால் அங்கே அழுத்தம் அப்படியே இருக்கும். விளைவு, காற்று குறைவு, பெட்ரோல் அதிகம், கறுப்புப் புகை, ஸ்பார்க் பிளக்கில் கரி. அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் சாதாரண நிலையில் 2 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் கூடும் என்பதை அதே அமெரிக்க அரசும் சொல்லியிருக்கிறது. அம்பாசடரிலும் பழைய மாருதி 800லும் கை கறுத்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். வண்டி மாறிவிட்டது, வாக்கியம் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது; அதை இப்போது பிஎஸ் 6 காருக்கு ஃபில்டர் விற்கப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, இந்த இன்டேக்குகளால் ஒரு பயனும் இல்லையா? உண்டு, முழு த்ராட்டிலில் உண்டு. தகடு முழுக்கத் திறந்த பிறகு மிச்சம் இருக்கிற தடை ஃபில்டரும் குழாயும்தான். மேலே பார்த்த இரண்டரை கிலோபாஸ்கலை மொத்தமாக ஒழித்தால், அதாவது ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால், இரண்டரை சதவீதம் கூடுதல் காற்று. 80 குதிரைத் திறன் உள்ள காரில் அது இரண்டு குதிரை. கோன் ஃபில்டர் அதில் ஒரு பகுதியைத் தரும். இந்தச் சாமான் பிறந்த இடத்தைப் பார்த்தாலே எதற்காகப் பிறந்தது என்பது புரிந்துவிடும். எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டரைப் பிரபலமாக்கிய கே அண்ட் என் நிறுவனம் 1969ல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் தொடங்கியது. கென் ஜான்சன், நார்ம் மெக்டொனால்ட் என்ற இருவரின் பெயரிலிருந்து வந்த எழுத்துகள் அவை. பந்தயம் ஓட்டுகிறவர்களின் உலகம் அது. அவர்கள் கால் பாதி நேரம் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும், அங்கே அந்த இரண்டு குதிரை பெரிய காசு. பால் பூத்துக்கும் ஆபீஸுக்கும் போய்வரும் காரில் முழு த்ராட்டில் என்பது வாரத்துக்குச் சில வினாடிகள், அதுவும் பைபாஸில் லாரியை முந்தும்போது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. இன்டேக் கிட் விற்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் மந்திரம் குளிர்ந்த காற்று. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பது உண்மை. 60 டிகிரி காற்றைவிட 30 டிகிரி காற்றில் ஏறக்குறைய 10 சதவீதம் அதிக ஆக்சிஜன் இருக்கும், முழு த்ராட்டிலில் அது கூடுதல் சக்தியாகும். ஆனால் மைலேஜ் வேண்டும் என்றால்? அடர்த்தியான காற்று வந்தால் அதே 80ல் போகத் தகட்டை இன்னும் மூட வேண்டும், மூடினால் பம்பிங் லாஸ் கூடும். மெலிந்த சூடான காற்று வந்தால் தகட்டை அதிகம் திறந்துவைக்கலாம், இழப்பு குறையும். அதனால்தான் மேலைநாடுகளில் ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் பிழியலாம் என்று வெறியோடு ஓட்டுகிற கூட்டம் இதை நேர்மாறாகச் செய்கிறது: புகை வெளியேறுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலிருந்து சூடான காற்றை இழுக்கும்படி குழாயைத் திருப்பிவிடுகிறார்கள். கிடைக்கும் லாபம் ஒன்றும் பெரிதில்லை, நம் ஊர் மே மாத வெயிலில் அதைச் செய்து பார்த்தால் நாக்கிங்கை (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்துத் தட்டுவதை) தடுக்க இசியு இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி இருப்பதையும் கெடுத்துவிடும், யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஆனாலும் தத்துவம் தெளிவாக இருக்கிறது. சக்திக்கு வேண்டியதும் மைலேஜுக்கு வேண்டியதும் ஒன்றல்ல, பல இடங்களில் இரண்டும் எதிரெதிர்.

கார் கம்பெனிகளுக்கு இது தெரியாதா என்ன. கடந்த கால் நூற்றாண்டாக அவர்கள் மைலேஜுக்காகச் செய்த வேலைகளில் பாதி இந்தத் த்ராட்டில் தகட்டை ஒழிக்கிற வேலைதான். பிஎம்டபிள்யூ 2001ல் கொண்டுவந்த வால்வ்ட்ரானிக், தகட்டை நம்பாமல் வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதை வைத்தே காற்றைக் கட்டுப்படுத்தியது. 1997ல் வந்த டொயோட்டா ப்ரியஸ் அட்கின்சன் முறையில் ஓடியது. உள்ளே இழுத்த காற்றில் ஒரு பகுதியைத் திருப்பி வெளியே தள்ளிவிட்டுத்தான் அழுத்தும், அதனால் தகட்டை அதிகம் திறந்துவைக்க முடியும். எட்டு சிலிண்டரில் நான்கை உறங்க வைத்துவிட்டு மிச்சம் நான்கை நன்றாக மூச்சு விடச் செய்கிற இன்ஜின்களும் உண்டு, ஓக் ரிட்ஜ் சோதித்த கார்களில் ஒன்றே அந்த வகைதான். புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்புகிற இஜிஆர், சின்ன இன்ஜினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, எல்லாவற்றிலும் இந்த நோக்கம் ஒளிந்திருக்கிறது. ஒரு துணிக் கூம்பால் தீர்கிற பிரச்சினையாக இருந்திருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டார்கள்.

டீசலைக் கேட்பீர்கள். டீசலில் இந்த மாதிரி நெரிக்கிற தகடு கிடையாது (புதிய டீசல்களில் இருக்கும் மடல் வேறு வேலைக்கு), காற்று எப்போதும் தாராளமாகப் போகும், பெட்ரோலுக்கு மாறாக எரிபொருளைத்தான் கூட்டிக் குறைக்கிறோம். ஆகவே நான் சொன்ன குழாய்க் கதை அங்கே பொருந்தாது. ஃபில்டரின் தடை குறைந்தால் டர்போவின் வேலை ஒரு துளி குறையும் என்பது சரிதான். ஒரு துளி என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் “எனக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடியது, நானே பார்த்தேன்” என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் டேங்க் ஃபுல் பண்ணி, ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணி, மறுபடி ஃபுல் பண்ணிக் கணக்குப் போட்டிருப்பார்கள். பங்கில் நாசில் தானாக நிற்கும் இடம் வண்டி நிற்கும் சாய்வுக்கும் பெட்ரோல் வரும் வேகத்துக்கும் ஏற்ப மாறும். முப்பது லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆனால் அங்கேயே மூன்று சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அந்த வாரம் ஏசி எவ்வளவு ஓடியது, சிக்னலில் எத்தனை தடவை நின்றோம், டயரில் காற்று எப்போது அடித்தோம், இதெல்லாம் தனி. காசு போட்டுப் புதுச் சாமான் மாட்டிய மனிதன் முதல் இரண்டு டேங்கை எப்படி ஓட்டுவான் என்பதும் தெரிந்ததே. கண்ணை மீட்டர் மேல் வைத்து, முட்டை மேல் கால் வைக்கிற மாதிரி மிதிப்பான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான்கு டேங்க் புதியதோடு, நான்கு டேங்க் பழையதோடு, திரும்ப நான்கு டேங்க் புதியதோடு, அதே பாதையில், அதே பங்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். யார் செய்வார்கள்? மாட்டினதைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

இன்னொரு ஏமாற்று இதைவிடச் சுவாரஸ்யம். சிலர் ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுகிற சாக்கெட்டில்) ஒரு சின்னக் கருவியைச் செருகி போன் ஆப்பில் மைலேஜ் பார்ப்பார்கள், எண்கள் ஓடுவதால் நம்பிக்கை கூடும். உள்ளே போகிற காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள காரில் இந்த மாதிரி ஆப்கள் பெரும்பாலும் அந்த சென்சர் சொல்லும் காற்றின் அளவை 14.7ஆல் வகுத்துப் பெட்ரோல் இவ்வளவு என்று ஊகிக்கின்றன. புதிய இன்டேக்கின் குழாய் பழையதைவிட ஒரு சுற்று அகலம் என்றால் சென்சர் இருக்கும் இடத்தில் காற்றின் வேகம் குறையும், சென்சர் உண்மையைவிடக் குறைவாகச் சொல்லும், ஆப் உடனே மைலேஜ் கூடிவிட்டது என்று காட்டும். அந்த நேரத்தில் இசியு ஆக்சிஜன் சென்சரைப் பார்த்து, கணக்கு இடிக்கிறதே என்று பெட்ரோலைச் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டிருக்கும். திரையில் லாபம், டேங்கில் அதே செலவு. வித்தியாசம் அதிகமானால் செக் இன்ஜின் விளக்கும் எரியும். நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்த சென்சருக்குப் பதிலாக மேனிஃபோல்டில் அழுத்தம் அளக்கும் மேப் சென்சர்தான் இருக்கிறது, அவற்றில் இந்த விளையாட்டு நடக்காது.

அப்புறம் சத்தம். கம்பெனி ஏர்பாக்ஸோடு ஒட்டி ஒரு வெற்று டப்பா தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், பார்த்தால் உபயோகமே இல்லாத மாதிரி இருக்கும். ரெசனேட்டர் என்று பெயர். வாய் குறுகிய பாட்டிலின் மேல் ஊதினால் ஒரு சுரம் கேட்கிறது அல்லவா, அதே தத்துவத்தில், குறிப்பிட்ட அலைவரிசை இரைச்சலை அது விழுங்கும். கோன் ஃபில்டர் மாட்டும்போது முதலில் கழற்றி வீசப்படுவது அதுதான். உடனே இன்ஜின் உறுமும், அந்த உறுமல்தான் பிக்கப் என்று காதுக்குப் படுகிறது. என் மச்சானுக்குப் பின்னியது காதில்தான் என்பது என் கட்சி.

செலவுப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். கம்பெனி இன்டேக் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று உங்கள் பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட் பக்கத்திலோ, முன்னாலிருந்து வரும் வெளிக்காற்றைப் பார்த்து இருக்கும். அதாவது உங்கள் காரில் ஏற்கனவே குளிர்காற்று இன்டேக் இருக்கிறது, காசு கொடுத்தாகிவிட்டது. மறைப்பு எதுவும் இல்லாத கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ரேடியேட்டரைத் தாண்டி வந்த வெந்த காற்றை இழுக்கும். சென்னை டிராஃபிக்கில் அரை மணி நின்ற காரின் பானெட்டைத் திறந்து முகத்தை நீட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று தெரியும். குளிர்காற்றுக்கென்று குழாயைக் கீழே பம்பர் வரைக்கும் இறக்குகிற கிட்டுகளில் வேறு ஆபத்து. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீரில் இறங்கி இன்ஜின் போனவர்கள் எத்தனையோ பேர். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் புகுந்தாலும் பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். உயரத்தில் இருந்த வாயைக் காசு கொடுத்து முழங்கால் உயரத்துக்கு இறக்குவது நம் ஊர் மழைக்கு எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நீங்களே சொல்லுங்கள். அப்படிப் போன இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பணம் வராது, இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வண்டியை மாற்றியமைத்திருந்தால் அதையும் காரணமாகச் சொல்வார்கள், வாரண்டிக்கும் அதே கதை.

தூசி இன்னொன்று. எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது உண்மையான வசதி. கழுவி, காயவைத்து, எண்ணெய் அளவோடு தடவத் தெரிய வேண்டும். அதிகம் தடவினால் அந்த எண்ணெய் போய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சரின் மெல்லிய கம்பியில் படியலாம், குறைவாகத் தடவினால் தூசி உள்ளே போகும். காகித ஃபில்டரிலும் நாம் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிந்த பிறகுதான் அது இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும், படிந்த தூசியே ஒரு வடிகட்டியாகிவிடும். நாமோ ஒவ்வொரு சர்வீஸுக்கும் கம்ப்ரசர் காற்றால் படபடவென்று அடித்துப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறோம், காகிதம் எங்கே கிழிந்தது என்று யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் என்னிடம் எட்டாயிரம் கிலோமீட்டரிலேயே “சார், ஃபில்டர் மாத்தினா மைலேஜ் ஏறும்” என்று பில்லில் சேர்த்தார்கள். கையேட்டில் அதைவிடப் பல மடங்கு போட்டிருந்தது. கல்குவாரி, செங்கல் சூளைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் கையேட்டில் போட்டிருப்பதற்கு முன்னாலேயே மாற்றுவது நல்லது. அது மைலேஜுக்காக இல்லை, பிஸ்டன் ரிங் தேயாமல் இருக்க.

இதே கடைகளில் இன்னும் இரண்டு சாமான் தொங்கும். இன்டேக் குழாய்க்குள் செருகுகிற, மின்விசிறி இறக்கை மாதிரித் தகடுகள் வைத்த வளையம். காற்றைச் சுழல வைத்து மைலேஜைக் கூட்டுமாம். சுழன்ற காற்று த்ராட்டில் தகட்டையும் அப்புறம் வால்வையும் தாண்டும்போதே சுழற்சியை மறந்துவிடும், வளையம் மட்டும் ஒரு புதுத் தடையாக உள்ளேயே இருக்கும். இன்னொன்று 12 வோல்ட் எலக்ட்ரிக் டர்போ என்ற பெயரில் கம்ப்யூட்டர் ஃபேன். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் மிச்சம் செய்வதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பல ஆண்டுகளாகப் பரிசீலித்திருக்கிறது, மைலேஜைக் கணிசமாகக் கூட்டுகிற ஒன்றைக்கூட அது கண்டதில்லை.

இந்த ஒரு வருடமாக இத்தகைய சாமான்கள் நம் ஊரில் அதிகம் விற்பதற்குக் காரணம் எனக்குத் தெரிந்து இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஏழு சதவீதம் வரை சக்தி குறையும். நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்கு ட்யூன் செய்த கார்களில் 6-7 சதவீதமும், இ10க்கு வடிவமைத்து இ20க்கு ட்யூன் செய்தவற்றில் 1-2 சதவீதமும் மைலேஜ் குறையும் என்றது. அந்த இழப்பு பெட்ரோலுக்குள்ளேயே இருக்கிறது. காற்று வருகிற வழியில் எதைச் செருகினாலும் அது திரும்பி வராது.

மைலேஜ் வேண்டும் என்றால் காற்றோடு வேறு இடத்தில் சண்டை போட வேண்டியிருக்கிறது, காருக்கு வெளியே. வேகம் 80லிருந்து 100 ஆனால் எதிர்க்காற்றின் தடை 56 சதவீதம் கூடும். கூரை கேரியரைக் கழற்றி வைப்பது, டயரில் காற்றை மாதம் ஒரு தடவையாவது பார்ப்பது, முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலை எடுத்துவிடுவது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பளபளப்பாக இல்லை என்பதால் யாரும் விற்பதில்லை.

மச்சான் இந்த அக்டோபரில் மழை தொடங்குவதற்கு முன்னால் பழைய ஏர்பாக்ஸைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார். கோன் ஃபில்டரை விற்கவில்லை, அட்டைப்பெட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். ஜனவரியில் மறுபடி மாட்டுவாராம். மைலேஜுக்கா என்று கேட்டேன். “போடா, சத்தத்துக்கு” என்றார். அந்தக் காரணத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.